கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாது
உத்திரமேரூர்க் கல்வெட்டும் இன்றைய உள்ளாட்சிச் சட்டமும்

பொதுப் பணத்தைக் கையாளத் தேர்ந்தெடுக்கப்படுபவர் எத்தகையவராக இருக்க வேண்டும், நெறி தவறினால் அவரை எப்படி விலக்குவது, அவருடைய உழைப்புக்கு ஊர் என்ன கொடுப்பது என்னும் மூன்று கேள்விகள் தன்னாட்சி நடத்தும் எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. இவற்றுக்கான விடைகளை ஒரு முறை எழுதி வைத்தால் போதாது, ஓட்டை தெரியும்போதெல்லாம் திருத்தியும் எழுத வேண்டும் என்பதற்குக் கிடைத்துள்ள பழைய சான்றுகளுள் மிகத் தெளிவானது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கி.பி. 919ஆம் ஆண்டிலும், அடுத்து இரண்டே ஆண்டுகள் கழித்து 921ஆம் ஆண்டிலும், அவ்வூரின் சபை தன் உறுப்பினர்களுக்கான விதிகளை வகுத்துப் பொறித்தது. குடவோலை முறை என்ற பெயரில் பள்ளிப் பாடநூல்கள் வழியே தமிழர் பலரும் அறிந்திருப்பது இந்த விதிகளைத்தான். ஆனால் பானையும் ஓலையும் நினைவில் தங்கிய அளவுக்கு, அந்த ஓலையில் யாருடைய பெயரை எழுதக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது என்பது நினைவில் தங்கவில்லை. கல்வெட்டின் உயிர் அந்தத் தடைகளில்தான் இருக்கிறது.

பல்லவர் காலத்திலேயே பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர் உத்திரமேரூர். இத்தகைய ஊரைப் பிரமதேயம் என்பர். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது அதன் கல்வெட்டுப் பெயர். காளியூர்க் கோட்டத்துக்குள் அமைந்திருந்தும் தனிக் கூற்றாக, அதாவது தானே ஒரு நிருவாகப் பிரிவாக, அது விளங்கியது. தந்திவர்ம பல்லவனுடைய வைரமேகன் என்னும் பெயரால் வழங்கிய வைரமேகத் தடாகம் என்ற பேரேரி அதன் விளைநிலங்களுக்கு நீர் தந்தது. அந்த விதிகளைத் தாங்கிய, பராந்தக சோழனுடைய இரண்டு கல்வெட்டுகளும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் உள்ளன. மதுரையை வென்றவன் என்ற சிறப்புப் பெயரோடு அவனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளை அவை குறிக்கின்றன. இவற்றைப் படித்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டவர் வி. வெங்கையா, பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆய்வுகளில் இவற்றுக்கு நீண்ட விளக்கம் எழுதினார்.

சபை என்பது ஊரின் பேரவை. அது அன்றாட வேலைகளை வாரியங்கள் எனப்பட்ட குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆண்டு முழுவதும் ஊர்ப் பொதுக் காரியங்களைக் கவனித்தது சம்வத்சர வாரியம். தோட்டங்களைத் தோட்ட வாரியமும், ஏரியையும் நீர்ப் பங்கீட்டையும் ஏரி வாரியமும் பார்த்துக்கொண்டன. பொன்னை மதிப்பிட்டுச் சரிபார்க்கப் பொன் வாரியம் இருந்தது. பஞ்சவார வாரியம் என்னும் ஐந்தாவது குழுவின் பணி இன்னது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்று வீட்டைக் குறிக்கும் குடும்பம் அன்று. இக்காலத்து வார்டுக்கு இணையான பிரிவு அது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர் என 30 பேர் எடுக்கப்பட்டு, அவர்களுள் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோரும், முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தோருமான 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். புதியவர் முதலில் தோட்டத்திலோ ஏரியிலோ வேலை பழகி, அதன் பின்னரே ஊரின் தலையாய குழுவுக்கு வர வேண்டும் என்னும் ஏற்பாடு இதனுள் அடங்கியிருக்கிறது.

கல்வெட்டுகள் இந்த விதித் தொகுப்பை வியவஸ்தை என்று அழைக்கின்றன. ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஏற்பாடு என்பது அதன் பொருள். இன்றைய வழக்கில் ஊரின் சாசனம் என்று கொள்ளலாம். அரசனுடைய திருமுகம், அதாவது ஆணை மடல், வந்து, அரசு அதிகாரி ஒருவர் உடன் அமர்ந்திருக்க, சபையே கூடி இதனைச் செய்தது. 919இல் அமர்ந்திருந்த அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான். 921இல் அந்த இடத்தில் சோழநாட்டிலிருந்து வந்த சோமாசிப்பெருமான் என்பவர் இருந்தார். முதல் விதிகள் நடைமுறைக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே அவற்றைத் திருத்த வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதைக் கல்வெட்டு விவரிக்கவில்லை. எனினும் தீயோர் கெட்டு நல்லோர் பெருகுவதற்காகவே இந்த ஏற்பாடு என்று திருத்தச் சாசனம் தன் நோக்கத்தைக் கூறிக்கொள்வதால், இடைப்பட்ட காலத்தில் ஊர் ஏதோ ஒரு கசப்பைக் கண்டிருக்க வேண்டும் என்று கருதத் தோன்றுகிறது. மாற்றங்களின் போக்கும் அதையே காட்டுகிறது. 919இல் 30க்கும் 60க்கும் இடைப்பட்டதாக இருந்த வயது வரம்பு, 921இல் 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாயிற்று. பதவி முடிந்து விலகியவரின் நெருங்கிய உறவினர் கூடாது என்று முதல் சாசனம் பொதுப்படச் சொன்னதை விட்டு, எந்தெந்த உறவு என்று பெயர் சொல்லி எண்ணுகிறது இரண்டாவது சாசனம். பொதுச் சொல்லில் புகுந்து வெளியேற வழி இருந்ததைக் கண்ட ஒரு சபை, அந்த வழியை அடைத்த செயலாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குரிய தகுதிகளை முதலில் பார்க்கலாம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருக்க வேண்டும். ஒரு வேலி என்பது பிற்காலத் தஞ்சை வழக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதப் பகுதிகளைக் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கும் அறிவு வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாடியத்தையும், அதாவது விளக்க நூலையும், கற்றுத் தேர்ந்தவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று விதி தளர்ந்து கொடுக்கிறது. இவற்றோடு காரியத்தில் தேர்ச்சியும் ஒழுக்கமும் வேண்டும் என்று கூறிவிட்டு, அர்த்த சௌசம், ஆத்ம சௌசம் என இரண்டு தூய்மைகளைக் கேட்கிறது சாசனம். முதலாவது பொருள் ஈட்டிய வழியின் தூய்மை. இரண்டாவது மனத் தூய்மை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை.

பொருள் ஈட்டிய வழியைக் கேட்கும் இந்த விதியின் அருமை, இன்றைய இந்தியச் சட்டம் அந்த இடத்துக்கு எவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் தம் சொத்தையும் குற்ற வழக்குகளையும் வாக்காளருக்கு அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல்தான் தீர்ப்பளித்தது. அந்தச் சொத்து எந்த வருவாயிலிருந்து வந்தது என்பதையும், வாழ்க்கைத் துணை, சார்ந்து வாழ்வோர் ஆகியோருடைய வருவாய் மூலத்தையும் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு 2018இல் வந்தது. சொத்து எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு எப்படி வந்தது என்பதைக் கேட்காமல் விடுவது அரைக் கேள்வி என்பது உத்திரமேரூர்ச் சபைக்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே புரிந்திருந்தது.

கல்வித் தகுதியைப் பொறுத்தவரை ஒரு மாறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அரியானா மாநிலம் 2015இல் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கியபோது, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதனால் படிக்க வாய்ப்பே தரப்படாத ஏழைப் பெண்களும் தலித் மக்களும்தான் பெருமளவில் போட்டியிலிருந்து தள்ளப்பட்டனர் என்ற கண்டனம் வலுவாக எழுந்தது. கல்வி மிக்கவருக்கு நில நிபந்தனையைத் தளர்த்தியது உத்திரமேரூர். கல்வி இல்லாதவருக்குக் கதவையே அடைத்தது அரியானா. பழைய சபையிலும் கல்வி என்பது வேதக் கல்விதான், அதுவும் ஒரு சாராருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை மறக்கலாகாது.

இனித் தடைகள். ஏதேனும் ஒரு வாரியத்தில் பணி செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்பதே பட்டியலின் முதல் விதி. கொலை முதலிய பெரும்பாவங்களும் களவும் பொய் ஆவணமும் அதற்குப் பின்னரே வருகின்றன. கணக்குக் காட்டாதவரோடு அத்தடை நிற்கவில்லை. அவருடைய தாயின் தங்கை மக்களும் தமக்கை மக்களும், அத்தை மக்களும் மாமன் மக்களும், தாயோடு உடன்பிறந்தவரும், தந்தையோடு உடன்பிறந்தவரும், தன்னோடு உடன்பிறந்தவரும், மாமனாரும் மைத்துனரும், உடன்பிறந்தாளைக் கொண்டவரும், உடன்பிறந்தாள் மக்களும், மருமகனும், தந்தையும், மகனும் என நெருங்கிய சுற்றம் முழுவதும் அதனுள் அடங்குகிறது. ஒருவர் ஊர்ப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாமல் விலகி, தம் மகனையோ மருமகனையோ மைத்துனரையோ அடுத்த ஆண்டு அதே இடத்தில் அமர்த்தி அந்தக் கணக்கை மூடிவிடும் தந்திரம் எல்லாக் காலத்துக்கும் உரியது. தமிழ் உறவுமுறைச் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி அந்தத் தந்திரத்துக்கு அணை கட்டியது இச்சபை. செய்யாத குற்றத்துக்கு உறவினரைத் தண்டிப்பது முறையா என்ற கேள்வி இன்று எழும். தனி மனித உரிமையை அடிப்படையாகக் கொண்ட இன்றைய சட்டம் இவ்விதியை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அது அடைக்க முயன்ற ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது.

தொடர்ந்து வரும் தடைகளுள் பிறர் பொருளைக் கவர்ந்தவர், முறையற்ற உறவு கொண்டவர், முன்பின் எண்ணாது முரட்டுச் செயல் செய்பவரான சாகசியர், ஊருக்கு முள்ளாய் நிற்கும் கிராமகண்டகர் ஆகியோர் இடம்பெறுகின்றனர். கூடலேகை செய்தவர், அதாவது பொய் ஆவணம் எழுதியவரும், கழுதைமேல் ஏற்றப்பட்டவரும் இப்பட்டியலில் உண்டு. கழுதைமேல் ஏற்றுவது குற்றவாளியை ஊரார் முன் இழிவுபடுத்தும் தண்டனை. சில குற்றங்களுக்குக் கழுவாய் தேடித் தூய்மை பெற்றாலும், உயிருள்ளவரை வாரியப் பொறுப்புக்கு வர முடியாது என்று சாசனம் தெளிவாகச் சொல்கிறது. சமயம் மன்னித்தாலும் ஊர்ப் பொறுப்பு திரும்பக் கிடைக்காது என்ற இந்தப் பிரிப்பு மிகவும் நுட்பமானது.

பெயர் எடுக்கும் நாளின் நிகழ்ச்சி சாசனத்தில் ஒரு காட்சியாகவே விரிகிறது. குழந்தை முதல் முதியவர் வரை சபை முழுவதும் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்வோர், ஒருவர் விடாமல் மண்டபத்தினுள் சபையோடு அமர வேண்டும். அவர்களுள் வயதில் மூத்த நம்பி எழுந்து நின்று, மேல்நோக்கிப் பார்த்தபடி, எல்லாரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் குடும்பின் பெயரெழுதிய வாயோலை கட்டித் தனித்தனிக் கட்டுகளாக அக்குடத்தில் இருக்கும். உள்ளே இருப்பது இன்னதென்று வேறுபாடு அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்துத் தர, அது வேறொரு வெறுங்குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும்; அதிலிருந்து அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் என்பவர் சபையின் நடுவர், எழுத்தர் என்ற இரு நிலையிலும் பணி செய்தவர். அவர் அந்த ஓலையைப் பற்றி வாங்கக் கூடாது. ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் அதற்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயத்துக்குக்கூட இடமில்லாமல் செய்த விதி இது. பிறகு அவர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் வாசித்த அதே ஓலையை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லாரும் வாங்கி வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். ஏமாற்று வேலை ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் யாரோ செய்து காட்டியதால்தான் இவ்வளவு நுணுக்கமான விதி எழுதப்பட்டது என்று எண்ணாமல் இப்பகுதியைப் படிக்க முடியாது.

உலகின் வேறொரு கோடியில், இத்தாலியின் வெனிஸ் நகரம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268 முதல் கையாண்ட முறையிலும் சிறுவன் ஒருவன் வருகிறான். சீட்டும் தேர்வும் மாறி மாறி வரும் அந்த நீண்ட சடங்கில் குடத்திலிருந்து உருண்டைகளை எடுக்கத் தெருவிலிருந்து ஒரு சிறுவனை அழைத்து வந்தனர். இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. கட்சி கட்டத் தெரியாத கை ஒன்று வேண்டும் என்ற ஒரே தேவை இரண்டு இடங்களிலும் குழந்தையைத் தேடிப் போயிருக்கிறது. தமிழகத்திலோ குடத்தில் ஓலையிட்டு ஆள் தேரும் பழக்கம் சோழருக்கும் முற்பட்டது என்பதை அகநானூற்றின் 77ஆம் பாடலில் வரும் ஓர் உவமை உணர்த்துகிறது.

வாரியத்தில் அமர்ந்தவருக்கு 360 நாள் பதவி. நாள் முடிந்ததும் விலக வேண்டும். இடையில் குற்றம் காணப்பட்டால் அப்போதே விலக்கப்படுவார். இன்றைய தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஐந்தாண்டுப் பதவிக்கு வரும் ஊராட்சித் தலைவரை நீக்க, மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, விடை பெற்று, வட்டாட்சியர் மூலம் ஊராட்சி மன்றத்தின் கருத்தை அறிந்து, அதன் பிறகே ஆணையிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புப் பெறுவது நியாயம். அந்த நியாயம் பழைய சாசனத்தில் விளக்கமாக இல்லை. ஆனால் நீக்கும் அதிகாரம் ஊரின் கையிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனதில் ஓர் இழப்பும் உண்டு. உள்ளாட்சிப் பொறுப்பினர் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது என்பதே பல ஊர்களில் தெரியாது.

கணக்கு எழுதுபவருக்கான விதிகளைச் சபை தனியே வைத்தது. பொருளில் தூய்மையுடையவரே கணக்கு எழுத வேண்டும். அவர் தாம் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம், அதாவது பேரவையாரிடம், காட்டித் தூயவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் அப்பணிக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். இடையில் வேறொருவர் புகுந்து அதை முடித்து வைக்கக் கூடாது. பழைய எழுத்தர் மாறிப் போய்விட்டார், கோப்பு அவரிடம் இருக்கிறது, புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பதிலை அலுவலக வாசலில் கேட்டுத் திரும்பிய எவருக்கும் இந்த விதியின் அருமை புரியும்.

கிரேக்க நகரமான ஏதென்ஸ் இதே சிந்தனையை வேறு வடிவில் கொண்டிருந்தது. அங்கும் பெரும்பாலான பதவிகள் சீட்டு மூலமே நிரப்பப்பட்டன. சீட்டு விழுந்தவர் பதவி ஏற்குமுன், பெற்றோரைப் பேணினாரா, வரி கட்டினாரா, போர்ப்பணி செய்தாரா என்று வினவப்பட்டார். பதவி முடிந்ததும் தணிக்கையாளரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அது ஏற்கப்படும்வரை அவர் நாட்டை விட்டு வெளியேறவோ தம் சொத்தை விற்கவோ முடியாது. ஆனால் ஏதென்ஸ் இன்னொன்றையும் செய்தது. பெரிக்ளீஸ் காலத்தில், வழக்கு கேட்க அமரும் குடிமக்களுக்கு நாட்கூலி ஏற்படுத்தப்பட்டது. கூலி இல்லையேல் உழைத்து உண்பவன் வேலையை விட்டு வந்து அமர முடியாது. வசதி படைத்தவனே ஊரை ஆள்வான் என்பதே அதன் காரணம்.

இந்த இடத்தில்தான் உத்திரமேரூர்ச் சாசனத்தின் குறை வெளிப்படுகிறது. வாரியப் பெருமக்களுக்கு ஊதியம் என்று அந்த இரண்டு சாசனங்களும் எதையும் குறிக்கவில்லை. ஊதியத்தின் இடத்தில் நிலம் நிற்கிறது. கால் வேலி நிலமும் சொந்த மனையும் உடையவர் ஓராண்டு ஊர்வேலை பார்த்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும் என்பதால் கூலி தேவைப்படவில்லை. அந்த நிலத்தில் உழைத்தவருக்கும், வேறு சாதியாருக்கும், எந்தப் பெண்ணுக்கும் அந்த ஓலையில் இடமில்லை. நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை அது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இவ்வூரைக் குறிப்பிட்டார். மக்களாட்சியின் தொட்டில் என்று இதனைப் போற்றுவோர், தொட்டிலில் யார் கிடந்தார், யார் வெளியே நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் இன்றைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது கணக்கு விதி. நில விதி அன்று.

இந்திய அரசமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தபின் நில நிபந்தனை என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிற்று. 21 வயது நிரம்பியவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்கான ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் தலைவராகலாம் என்ற நிலை வந்த பிறகு, அவருக்கு ஊதியம் தராமல் விடுவது அவரை மறைமுகமாக விலக்குவதற்கே ஒப்பாகும். ஊதியம் இல்லாத பதவியில் செலவைத் தாங்கும் கணவரோ ஒப்பந்ததாரரோ பின்னால் வந்து நிற்பார். பெயர்ப் பலகையில் பெண் இருக்க, நாற்காலியில் ஆண் இருக்கும் கொடுமை இப்படித்தான் நிலைக்கிறது.

உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிப் பொறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் வழங்கப்படுகிறது. மாநகராட்சி மேயருக்கு 30,000 ரூபாயும், நகராட்சித் தலைவருக்கு 15,000 ரூபாயும், பேரூராட்சித் தலைவருக்கு 10,000 ரூபாயும், பேரூராட்சி வார்டு உறுப்பினருக்கு 2,500 ரூபாயும் என்று அரசு அறிவித்தது. வார்டு உறுப்பினருக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய்கூட வரவில்லை. இதோடு ஒப்பிட, சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியமும் படிகளும் 2017 ஜூலை முதல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தன. அந்த உயர்வைச் சட்டமாக்கியது அச்சட்டமன்றமேதான். தம் ஊதியத்தைத் தாமே சட்டம் இயற்றி முடிவு செய்யும் உரிமையை அரசமைப்பின் 106, 195ஆம் பிரிவுகள் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தருகின்றன. நாடாளுமன்ற உறுப்பினருக்கு விலைவாசிக் குறியீட்டின்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை தானாகவே உயரும் ஏற்பாட்டை 2018இல் செய்தார்கள். அதன்படி 1,00,000 ரூபாயாக இருந்த மாதச் சம்பளம் 2023 ஏப்ரலைக் கணக்கிட்டு 1,24,000 ஆயிற்று. தாமே தமக்கு உயர்த்திக்கொள்வதைக் காட்டிலும் குறியீட்டோடு இணைப்பது நல்லது. அமெரிக்க அரசமைப்பின் 27ஆம் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், உறுப்பினர்கள் செய்யும் ஊதிய மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும் என்கிறது. 1789இல் முன்மொழியப்பட்ட அந்த ஒரு வரி 1992இல்தான் சட்டமாயிற்று. ஆள்வோர் தம் ஊதியத்தின் மீது தாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அந்த 200 ஆண்டுகளே சான்று.

ஊதியமும் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை. உள்ளாட்சிப் பொறுப்பினருக்கு வாழ்வதற்குப் போதுமான மதிப்பூதியம் தரும் ஆணையிலேயே, தணிக்கைத் தடைகளுக்கு விடை தராமல் விலகியவர் மீண்டும் வேட்புமனு தாக்கல் செய்ய முடியாது என்ற விதியும் சேர வேண்டும். இதற்கு முன்மாதிரி நம் சட்டத்திலேயே இருக்கிறது. தேர்தல் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் ஒப்படைக்காத சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளரை மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்ய 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவு இடம் தருகிறது. தேர்தலுக்குத் தம் கைக்காசைச் செலவழித்த கணக்கைக் காட்டாதவருக்கே அந்தத் தடை இருக்கும்போது, ஐந்தாண்டு ஊர்ப் பணத்தைச் செலவழித்த கணக்குக்கு அதைவிடக் கடுமையான தடை இருக்க வேண்டாமா? உறவினரைப் பதவியிலிருந்து தடுக்க வேண்டியதில்லை. ஆனால் தலைவரின் மகன், மருமகன், மைத்துனர், உடன்பிறந்தார் ஆகியோர் அதே ஊராட்சியின் ஒப்பந்த வேலை எடுக்கக் கூடாது என்று, உத்திரமேரூரைப் போலவே உறவைப் பெயர் சொல்லி எழுதலாம். நெருங்கிய உறவினர் என்ற பொதுச் சொல் போதாது என்பதை 919இல் எழுதி 921இல் திருத்திய சபை நமக்கு முன்பே காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியிருக்கின்றன. ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் கிராம சபை முன் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து போகாமல், கூட்டம் முடியும்வரை அமர்ந்து, சாலைக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது என்பதை எல்லாரும் கேட்க வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த தாளை வாங்கி நீங்களும் ஒரு முறை வாசியுங்கள்.